ஐந்து காந்தத்து டெலிபோன்

ஆர்லிஸ் பிக்கெட்டின் கையில் ஒரு பழைய டெலிபோன் வாய்க்குழலைக் கொடுத்தால், முதலில் அதைப் பேன்ட் துணியில் பரபரவென்று தேய்ப்பார். அப்புறம் மூக்குக்குக் கொண்டுபோவார். அந்தக் காலத்துக் கெட்டி ரப்பராக இருந்தால் தேய்த்த சூட்டில் லேசாகக் கந்தக வாடை வரும். நகலாக இருந்தால் ஒரு வாடையும் வராது. "நகல்" என்று சொல்லிவிட்டு, கொடுத்தவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பி நீட்டிவிடுவார். ஸ்லேடன் கவுண்டி என்கிற அந்த மாவட்டத்தில் மட்டுமில்லை, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தின் அந்த மூலை முழுவதிலும் பழைய டெலிபோன் சேர்க்கிற ஆட்களுக்கு அவர் மூக்கு சொன்னால் சொன்னதுதான்.

"டேய் ஆர்லிஸ், உன் மூக்கை விக்கிறதா இருந்தா எனக்குத்தான் முதல்ல சொல்லணும்," என்று வசந்தகாலச் சந்தையில் யாராவது கத்துவார்கள். பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் மடக்கு மேசைகளைப் போட்டு மணிகளும் காதுக்குழல்களும் ஓக் மரப் பெட்டிகளுமாகப் பரப்பி வைக்கிற சந்தை அது.

"வாங்கி எங்கடா மாட்டுவே? இருக்கிற மூக்கே உனக்குப் பாதி முகத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது," என்பார் ஆர்லிஸ்.

மூக்கு மட்டுமில்லை, கண்ணும் அப்படித்தான். ஓர் உலோகத் தகடு பல வருஷம் மரத்தில் ஒரே இடத்தில் இருந்தால் அதன் அடியில் மரம் வெளுக்காமல் அதே வடிவத்தில் ஒரு நிழல் தங்கிவிடும். தகட்டைக் கழற்றி அந்த நிழலைப் பார்த்தாலே அவருக்குப் பெட்டியின் ஜாதகம் தெரிந்துவிடும். அதோடு, நகல் உறுப்புகளை அவரே கொட்டகையில் வார்த்தும் கடைந்தும் செய்கிற ஆள். உடைந்த பெட்டி வைத்திருப்பவனுக்கு வாய்க்குழலும், மணியடிக்கச் சுழற்றுகிற கைப்பிடியும் வேண்டாமா? செய்வார். ஆனால் ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும், திருகு மரையின் அடியில், தூண்டில் முள் வடிவத்தில் சின்ன முத்திரை குத்திவிடுவார். கண்ணுக்குத் தெரியாத இடம், தெரிந்தவனுக்குத் தெரியும். யோக்கியமாக நகல் செய்கிற எல்லாரும் இப்படி ஒரு குறி வைப்பதுதான் அந்தக் கூட்டத்தின் வழக்கம். நகலை அசல் என்று யாரும் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக. நகலுக்குக் குறி வைக்கத் தோன்றியவர்களுக்கு, அசலுக்கு ஒரு நாள் ஆபத்து வரும் என்று தோன்றவில்லை பாருங்கள்.

தூண்டில் முள்ளை அவர் தேர்ந்தெடுத்தது அப்பாவுக்காக. எம்மட் பிக்கெட் விவசாயிகள் சேர்ந்து இழுத்த டெலிபோன் கம்பிக்கு லைன்மேனாக இருந்தவர். "எங்க அப்பா சொல்லுவாரு", "எங்க அப்பா இருந்திருந்தா" என்று ஆரம்பிக்காமல் ஆர்லிஸுக்குப் பேச வராது. மனைவி வெல்டா அந்தப் பேச்சு ஆரம்பித்ததும் பாத்திரம் கழுவ எழுந்து போய்விடுவாள். எம்மட் எதை ரிப்பேர் செய்தாலும் கடைசியில் மீன்பிடிக் கயிற்றைப் பைன் மரத்துத் தாரில் முக்கி, கம்பி இணைப்பின்மேல் இறுக்கிச் சுற்றி, நுனியை உள்ளுக்குள் செருகிவிடுவார். இடது கைக்காரர் என்பதால் சுற்றுகள் எதிர்ப்பக்கமாக ஓடும். சந்தையில் ஏதாவது பெட்டிக்குள் அப்படி ஒரு கட்டு தென்பட்டால் ஆர்லிஸ் கேட்ட விலைக்கு வாங்கி வந்து சமையலறைச் சுவரில் மாட்டிவிடுவார். விற்கமாட்டார். கோயிலில் விளக்கேற்றுகிற மாதிரி வாரம் ஒருமுறை துடைப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வசந்தத்தில் கார்லண்ட் மேஃபீல்ட் கொட்டகைக்கு வந்தார். ஆர்லிஸோடு ஒரே வகுப்பில் படித்தவர், பழைய கார் வியாபாரி, ஊரில் பாதிப் பேருக்கு வண்டி விற்றவர், மீதிப் பேருக்கு விற்கப் பார்த்தவர். அவரும் டெலிபோன் சேர்ப்பவர்தான். நகல் என்றால் தொடக்கூட மாட்டார்.

"ஒரு வாய்க்குழல், ஒரு கைப்பிடி அதோட தகடு, ஒரு காதுக்குழல் வேணும்டா. உன் நகல்தான்," என்றார்.

ஆர்லிஸ் சிரித்துவிட்டார். "என்னடா இது? செத்தாலும் நகலைச் சுவத்துல மாட்டமாட்டேன்னு சொன்ன வாய்தானே அது?"

"பேத்திக்கு விளையாடக் குடுக்கப்போறேன். எவனாவது கேட்டா உன் கடையில வாங்கினேன்னு சொல்லி மானத்தை வாங்குறேன்."

சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். கதவருகே நின்று, "முத்திரை எல்லாத்துலயும் இருக்கில்ல?" என்று ஒரு தரம் கேட்டார். முத்திரை இல்லாமல் தரச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு. இருக்கிறதா என்று கேட்டு வாங்கினவர் அவர் ஒருத்தர்தான். ஆர்லிஸுக்கு அப்போது அது உறைக்கவில்லை.

கார்லண்டின் அப்பா, எல்லாரும் கேப்டன் என்று கூப்பிட்ட பெரிய மேஃபீல்ட், கைதிகளை வைத்து வேலை வாங்கிய கவுண்டிச் சிறைப்பண்ணைக்கு மேலாளராக இருந்தவர். பண்ணை மூடி ரொம்பக் காலம் ஆகிறது. நிலம் எப்படியோ கார்லண்ட் கைக்கு வந்துசேர்ந்தது. அந்த வசந்தத்துக்குச் சற்று முன்னால்தான் பழைய அலுவலகக் கட்டடத்தை இடித்தார்கள். இடித்த கூலிக்காரர்களில் ஒருவன் சுவர் அலமாரிக்குள் ஒரு டெலிபோன் பெட்டியைப் பார்த்தான். பக்கவாட்டிலிருந்து இரண்டு கம்பிகள் தொங்கின. அவன் அதைத் தன் பெரியப்பா ஹோசியா ட்ரம்மண்டிடம் போய்ச் சொன்னான். அதற்குள் கார்லண்ட், "நான் சுத்தம் பண்ணி வெக்கிறேன்" என்று பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

ஹோசியா கறுப்பர்களின் தேவாலயத்தில் மூப்பர், எழுபதைத் தாண்டியவர். வாலிபத்தில் ஒரு கோழித் திருட்டு வழக்கில் தம்பி அமோஸோடு பண்ணைக்குப் போனவர். போனது இரண்டு பேர், திரும்பியது ஒருத்தர். அமோஸ் காய்ச்சலில் செத்தான் என்று பண்ணைக்காரர்கள் எழுதி வைத்தார்கள். இல்லை, அலுவலகத்துக்கு இழுத்துப்போய் "உனக்கு டெலிபோன் வந்திருக்கு" என்று சொல்லி உடம்பில் கம்பியைச் சுற்றி, கைப்பிடியைச் சுழற்றி மின்சாரம் பாய்ச்சியே கொன்றார்கள் என்று ஹோசியா சொல்லிக்கொண்டே வந்தார். முடிவெட்டும் கடையில் சொன்னார், தேவாலயத்தில் சொன்னார், கேட்க ஆள் இருந்த இடத்திலெல்லாம் சொன்னார். வெள்ளைக்காரர்கள் காலைச் சாப்பாட்டுக்குக் கூடுகிற உணவகத்தில் அதை ஒரு கதையாகச் சொல்லிச் சிரித்தார்கள். ஆர்லிஸும் சிரித்ததுண்டு. டெலிபோன் தெரிந்தவர் என்பதால் அவரைத்தான் கேட்பார்கள். அவரும், "வீட்டுச் சுவத்துல மாட்டுற பெட்டியில ஆள் சாவுறதா? மணி அடிக்கவே அதுக்கு மூச்சு வாங்கும்," என்பார். அவர் சொன்னதால் அது தீர்ப்பாகிவிட்டது.

இப்போது பெட்டியே வந்துவிட்டது. ஹோசியா விடவில்லை. கவுண்டி மன்றத்துக்கு ஏறி இறங்கினார். இலையுதிர்காலத்தில் மன்றம் ஒரு முடிவுக்கு வந்தது. பெட்டியைக் கார்லண்ட் ஒப்படைக்க வேண்டும். ஆர்லிஸ் பிக்கெட் பார்த்து, அது பண்ணைக் காலத்து அசலா, பின்னால் யாரோ விளையாட்டுக்குக் கோர்த்த நகலா என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அசல் என்றால் அமோஸின் சாவு திரும்ப விசாரணைக்கு வரும், பண்ணை மயானத்தில் அவன் பேரில் கல் நிற்கும். நகல் என்றால் ஹோசியா பொய்யர் என்பது ஊரறிய முடிவாகிவிடும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் நீதிமன்றக் கட்டடத்தின் பின்னறையில் பெட்டியை அவர் முன்னால் வைத்துவிட்டுக் காவலாளி வெளியே போனான்.

வாய்க்குழலைத் தேய்த்தார். வாடை இல்லை. கழற்றிப் பார்த்தார். உள்ளே தூண்டில் முள். கைப்பிடியின் மரையில் தூண்டில் முள். காதுக்குழலில் தூண்டில் முள். ஆர்லிஸுக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. நகல்தான், தன் கையால் செய்த நகல், அப்பாடா, வேலை முடிந்தது என்று நாற்காலியில் சாய்ந்தார்.

சாய்ந்தவருக்குப் பேத்தி ஞாபகம் வந்தது. கார்லண்டின் பேத்தி பிறந்தே அப்போது நாலைந்து மாசம்தான். முத்திரை இருக்கிறதா என்று ஏன் கேட்டான்?

எழுந்து கைப்பிடித் தகட்டின் திருகுகளைக் கழற்றினார். புதுத் தகட்டின் அடியில், அதைவிடப் பெரிதாக, பழைய தகட்டின் நிழல் ஓக் மரத்தில் அப்படியே படிந்திருந்தது. ஊர் உலகத்தில் நகலை அசலாகக் காட்டத்தான் பாடுபடுவார்கள். இங்கே ஒருத்தன் அசலைப் பிடித்து, அதன் உறுப்புகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதை நகலாகப் பூசி மெழுகியிருக்கிறான். அதற்கு என் முத்திரையையே என்னிடம் வாங்கிப் போயிருக்கிறான் என்று நினைத்தபோது ஆர்லிஸுக்குக் காதெல்லாம் சூடேறியது.

பெட்டியின் முகப்பைத் திறந்தார். கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் கிளப்பும் உறுப்பு, மேக்னெட்டோ, உள்ளே உட்கார்ந்திருந்தது. இந்த மாதிரிப் பெட்டிக்கு லாட வடிவக் காந்தம் மூன்று உள்ள மேக்னெட்டோதான் வரும். இதில் ஐந்து இருந்தன. தூரத்துப் பண்ணைகளுக்கு நீண்ட கம்பி இழுத்த இடத்தில் மட்டும் போடுகிற பெரிய சரக்கு. அதைத் திணிப்பதற்காக உள்தட்டை உளியால் செதுக்கியிருந்தார்கள். செதுக்கின இடமும் பழுப்பேறி, மற்ற மரத்தின் நிறத்துக்கே வந்துவிட்டிருந்தது. நேற்று செதுக்கினது அல்ல.

இரண்டு கம்பிகள் மேக்னெட்டோவிலிருந்து கிளம்புகிற இடத்தில் கயிற்றுக் கட்டு இருந்தது. ஆர்லிஸ் பார்க்காமலேயே விரலை வைத்தார். சுற்றுகள் எதிர்ப்பக்கமாக ஓடின. நுனி உள்ளே செருகியிருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். பைன் தார்.

அப்புறம் தனக்குத் தானே வக்காலத்து வாங்க ஆரம்பித்தார். மீன் பிடிக்கத்தான். அந்தக் காலத்தில் ஆற்றங்கரையில் யார் டெலிபோனில் மீன் பிடிக்கவில்லை? படகில் பெட்டியை வைத்து, இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் கெளுத்தி எல்லாம் மயங்கி மேலே வரும். சட்டப்படி குற்றம்தான், ஆனால் சட்டத்தைக் காக்கிறவனின் மச்சானே அப்படித்தான் பிடித்தான். அப்பா மீனுக்காகச் செய்து தந்திருப்பார், அந்தப் பாவிகள் வேறு எதற்கோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கம்பிகளைக் கையில் எடுத்தார். இரண்டும் அரை ஆள் உயரம்கூட இல்லை. நுனிகளில் செம்புக் கம்பியை வளைத்து வளையம் போட்டிருந்தது.

"பாத்தாச்சா?"

கார்லண்ட் கதவில் சாய்ந்து நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"பாத்தாச்சு," என்றார் ஆர்லிஸ்.

"நகல்தானே? முத்திரை எல்லாம் இருக்குமே."

"உள்ளே ஏன்டா விட்டே? வெளியில மாத்தத் தெரிஞ்சவனுக்கு மேக்னெட்டோவை மாத்தத் தெரியாதா?"

கார்லண்ட் உள்ளே வந்து கதவை மெதுவாகச் சாத்தினார். முகத்தில் கோபமில்லை. வண்டி வாங்க வந்தவனுக்குக் காப்பி கொடுக்கிற அதே முகம்.

"தெரியாம விடலடா. உனக்காகத்தான் விட்டேன். நான் நகல்னு சொன்னா எவன் நம்புவான்? நீ சொன்னா நம்புவாங்க. நீ சொல்லணும்னா உனக்கும் ஒரு காரணம் வேணுமில்ல?" தோளில் கை வைத்தார். "எங்கப்பன் பண்ணினது எங்கப்பனோட போச்சு. உங்கப்பன் நல்ல மனுசன்டா. அவரு பேரை எதுக்கு இழுத்துத் தெருவுல விடுறே?"

"ஹோசியா சொல்றதெல்லாம் நெஜம்தானா?"

"எனக்கு என்ன தெரியும்? நானும் உன்னை மாதிரி சின்னப் பையன். அலுவலகப் பக்கம் போகக் கூடாதுன்னு அம்மா சொல்லும். போகல." கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார். "எங்க வீட்டு வெளக்கு மட்டும் எப்பவாவது மங்குறாப்ல இருக்கும். அது வேற வெளக்கு, வேற கம்பி, மங்கக் காரணமே இல்ல. ஆனா எனக்கு அப்படித் தோணும். அவ்வளவுதான். நாளைக்குப் பாப்போம்."

அந்த 'பாப்போம்' ஆர்லிஸோடு வீடு வரைக்கும் வந்தது.

வீட்டில் சட்டியில் பன்றித் தொடை வறுபடும் வாசனை வாசலிலேயே ஆளைத் தூக்கியது. வெல்டா சுடச்சுட பிஸ்கட் ரொட்டியும் வெள்ளைக் குழம்பும் வைத்து, மேலே தடித்த துண்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பசி. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டார். புகையில் வைத்துப் பழுக்கவிட்ட கறி, ஓரத்தில் கரிந்த வெல்லப்பாகு, உப்பு. இந்த ருசி அவருக்குத் தெரியும். கடையில் கிடைக்காத ருசி.

"எங்கே வாங்கினே இதை?"

"வாங்கல. கார்லண்ட் குடுத்தனுப்பினான், முழுத் தொடை. பண்ணையில அந்தக் காலத்துல பதம் பண்ணுவாங்களே, அவங்க அப்பா முறையிலயே இன்னும் பண்றானாம். உனக்குப் பிடிக்கும், சின்ன வயசு ஞாபகம் வரும்னு சொல்லச் சொன்னான்."

ஆர்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பண்ணையிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஒரு பன்றித் தொடை வரும். அப்பா பண்ணை டெலிபோனைச் சரிபார்த்துக் கொடுப்பதற்கு மரியாதை என்றுதான் அவர் கேட்டு வளர்ந்தார். முதல் தொடை வந்த வருஷம் எது? அதை அவர் யோசித்ததே இல்லை. இப்போது வாயில் அந்த உப்பு இருக்கும்போது யோசித்தார். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

அவருக்கு ஏழு வயது. அப்பாவின் கொட்டகை. மேசைமேல் ஓர் ஓக் பெட்டி. அப்பா அவரைத் தூக்கி மேசையில் உட்கார வைத்தார்.

"சின்னவனே, கையை நீட்டு. ஒரு வேடிக்கை காட்டறேன்."

இரண்டு கட்டைவிரலிலும் செம்பு வளையம் மாட்டினார். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். சுரீரென்றது. பையன் கத்திவிட்டு உடனே சிரித்தான். ஊரில் எல்லா அப்பாக்களும் பிள்ளைகளுக்குக் காட்டுகிற வேடிக்கைதான் அது.

"எதுவரைக்கும் ஏறிச்சு?" என்று அப்பா கேட்டார்.

"முழங்கை வரைக்கும்ப்பா."

அப்பா சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். சில நாள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். இந்தத் தடவை பெட்டிக்குள் இருந்தது பெரிதாக இருந்தது. உளித் தூள் மேசையெல்லாம் கிடந்தது. அப்பா அரைச் சுற்றுதான் சுற்றினார். பையன் மேசையிலிருந்து கீழே விழுந்தான்.

"இப்போ? இப்போ எதுவரைக்கும்?"

"தோள் வரைக்கும்," என்றான் பையன் அழுதுகொண்டே.

அப்பா அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலுக்கு முத்தம் கொடுத்தார். கடைக்குக் கூட்டிப்போய் ஆரஞ்சு சோடா வாங்கிக் கொடுத்தார். "எங்க அப்பா எனக்கு ஆரஞ்சு சோடா வாங்கிக் குடுத்தாரு" என்பது ஆர்லிஸ் ஆயிரம் தடவை சொன்ன கதை. எதற்கு வாங்கிக் கொடுத்தார் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. அந்த மாசம்தான் முதல் தொடை வந்தது.

மீனுக்கு யாராவது தோள் வரைக்கும் ஏறுகிறதா என்று பார்ப்பார்களா? மீனுக்குத் தோள் ஏது? ஆர்லிஸ் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி அழுதார். வெல்டா பயந்துபோய்க் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் சுவரில் துடைத்து மாட்டியிருந்த பெட்டிகளைப் பார்த்தாள்.

"நம்ம பேரனுக்கு எம்மட்னு பேரு வெச்சிருக்கு, ஆர்லிஸ்," என்றாள்.

"தெரியும்."

"நாளைக்குப் போயி நகல்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடேன். முத்திரை இருக்கில்ல? பொய்கூட இல்லையே அது."

"அதான் வெல்டா. பொய்கூட இல்ல. அப்படிப் பாத்துப் பண்ணியிருக்கான்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கறியை நாய்க்கு வைத்தாள். நாய் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்று வந்து நின்றது.

மறுநாள் காலை மன்ற அறை நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் வெள்ளையர்கள், ஒரு பக்கம் கறுப்பர்கள். யாரும் சொல்லாமலே அப்படி உட்கார்ந்துவிடுவது அந்த ஊர் வழக்கம். நடுவில் மேசைமேல் பெட்டி. காலைச் சாப்பாட்டுக் கூட்டாளிகள் முதல் வரிசையில் இருந்தார்கள். ஆர்லிஸ் நுழைந்ததும் ஒருத்தர், "மூக்கு வந்தாச்சு" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். கார்லண்ட் அவருக்காகப் பக்கத்து நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தார். ஆர்லிஸ் அதில் உட்காரவில்லை.

மன்றத் தலைவி பார்ட்லோ அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "மிஸ்டர் பிக்கெட், நீங்க பாத்துட்டீங்க. அசலா, நகலா?"

"வாய்க்குழல் நகல்," என்றார் ஆர்லிஸ். "கைப்பிடி நகல். காதுக்குழல் நகல்."

முன்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். மறுபக்கத்தில் ஹோசியா ட்ரம்மண்ட் அசையவில்லை. தொப்பி அவர் முழங்காலில் இருந்தது. இத்தனை வருஷம் கேட்டுப் பழகின பதில்தானே அவருக்கு.

"மூணும் நான் செஞ்சது. உள்ளே என் முத்திரை இருக்கு. போன வசந்தத்துல கார்லண்ட் மேஃபீல்ட் என்கிட்ட வாங்கினது. இந்தப் பெட்டி அப்பவே அவன் வீட்டுல இருந்திருக்கு. பழைய உறுப்பைக் கழட்டிட்டு இதை மாட்டியிருக்கான். தகட்டுக்கு அடியில பழைய தகட்டோட நெழல் இருக்கு. யார் வேணும்னாலும் வந்து பாக்கலாம்."

அறையில் சலசலப்பு எழுந்தது. கார்லண்ட் எழுந்தார். "அம்மா, இவன் சொல்றதையே எடுத்துக்குவோம். உள்ளே இருக்கறது பழசாவே இருக்கட்டும். அந்தக் காலத்துல ஆத்தங்கரையில இருந்த அத்தனை பேரும் டெலிபோன் வெச்சு மீன் புடிச்சவங்கதான். இவங்கப்பனும்தான். உள்ளே கட்டியிருக்கிற கட்டு யாருதுன்னு கேளுங்க, சொல்லட்டும்."

ஆர்லிஸின் பக்கம் திரும்பினார். இதற்கு மேல் போகாதே என்று கண் சொன்னது. கார்லண்டின் கண்ணில் ஆர்லிஸ் முதல்தடவையாகப் பயத்தைப் பார்த்தார்.

"கட்டு எங்க அப்பாவோடது," என்றார் ஆர்லிஸ். "எம்மட் பிக்கெட். மேக்னெட்டோ அசல். மூணு காந்தத்தை எடுத்துட்டு அஞ்சு காந்தம் வெச்சது அவருதான்." கம்பியைக் கையில் எடுத்துக் காட்டினார். "மீனுக்குக் கம்பி நீளமா வேணும், தண்ணிக்குள்ள விடறதுக்கு. நுனியில வளையம் வேண்டாம். இந்த வளையம் மீனுக்கு இல்ல."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் தலைவி.

"என் கட்டைவிரல்ல மாட்டிப் பாத்தாரு."

அதற்கப்புறம் அவர் சொன்னதில் யாரும் குறுக்கிடவில்லை. மேசை, வளையம், முழங்கை, உளித் தூள், தோள், ஆரஞ்சு சோடா, பன்றித் தொடை. ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றுக்கும் சமாதானம் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல முன்வரிசையில் ஒவ்வொருவராகத் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பண்ணையிலிருந்து வந்த அந்தக் கறியைத் தின்ற வீடுகள் அந்த ஊரில் இன்னும் நிறைய இருந்தன. கார்லண்ட் நடுவிலேயே வெளியே போனார். கதவு சாத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

தலைவி எதையோ எழுதிக்கொண்டார். விசாரணைக்கு அனுப்புவதாகச் சொன்னார். ஆட்கள் கலைந்தார்கள். காலைச் சாப்பாட்டுக் கூட்டாளிகள் ஆர்லிஸைத் தாண்டிப் போனபோது யாரும் தோளைத் தட்டவில்லை.

அவர் மறுபக்கத்துக்கு நடந்தார். இத்தனை காலமும் அந்த மனிதரை வயதுகூடப் பார்க்காமல் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்.

"மிஸ்டர் ட்ரம்மண்ட்," என்றார். "ஒங்க கதையைச் சொல்லிச் சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்."

"தெரியும்," என்றார் ஹோசியா. "உக்காரு."

உட்கார்ந்தார்.

"அப்போ உனக்கு என்ன வயசு?"

"ஏழு."

"அமோஸுக்குப் பதினேழு." ஹோசியா ஆர்லிஸின் கையை எடுத்தார். கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. "தோள் வரைக்கும்னு சொன்னே உங்கப்பாகிட்ட."

"ஆமா."

"அமோஸுக்கு அது தோள்ல நிக்கல," என்றார்.

கையை மெதுவாக ஆர்லிஸின் மடியிலேயே திரும்ப வைத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.